‘தைக்கிறவளுக்கே தையல் போட்டுட்டாங்க!’ - திடீர் வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு டெய்லர் அக்காவின் ஒன்பது மாதங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்துவிட்டது. சாத்துக்குடியும் ஆப்பிளும் ஃபிரிட்ஜில் இடமில்லாமல் தையல் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் மூன்றே கேள்விதான். ‘எந்த ஆஸ்பத்திரி?’, ‘எவ்வளவு ஆச்சு?’, ‘இனிமே பழையபடி தைக்க முடியுமா?’

மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. கேட்டவர்கள் எழுந்து போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஏரியாவில் அவர் எல்லோருக்கும் ‘டெய்லர் அக்கா’. பெயர் வேண்டாம் என்கிறார், அதனால் இங்கேயும் அக்காதான். வயது 43. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், ப்ளஸ் டூ. வீட்டின் முன் அறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ராத்திரி 2 மணி வரை அந்த அறையில் லைட் எரியும்.

‘ரத்தம் கம்மியா இருக்கும்...’

போன வருஷமே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டும். தலையணை ஒன்று இரண்டாகி, மூன்றானது. ‘ரத்தம் கம்மியா இருக்கும்’, ‘வெயிட் போட்டுட்ட’, ‘மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நம் ஊரில் நாற்பது தாண்டிய பெண்ணுக்கு எது வந்தாலும் அதற்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

தை மாதம், பொங்கல் முடிந்து 10 நாள் இருக்கும். ராத்திரி 1 மணிக்கு எழுந்து உட்கார்ந்தவரால் மறுபடி படுக்க முடியவில்லை. தண்ணீருக்குள் மூழ்குவதுபோல மூச்சுத் திணறல். இருமினால் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை. மகள்தான் 108-க்கு போன் போட்டாள். விடியும்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், கணவரை வெளியே அழைத்து ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்.

இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஈரிதழ் வால்வு என்று படிக்கிறோமே, அதுதான். அந்த இதழ்களைக் குடையின் கம்பிகள்போல இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய நார்களில் ஒன்று அறுந்துவிட்டது. இதழ் மூடாமல் ஆட, முன்னால் போக வேண்டிய ரத்தம் பின்னால் திரும்பி நுரையீரலில் தேங்கிவிட்டது. ‘நாளைக்குப் பார்க்கலாம்னு விட முடியாது. இன்னைக்கே பண்ணணும்.’

“பேனாவைப் பிடிச்சேன், எழுதவே மாட்டேங்குது. பேனா சரியில்லைன்னு வேற கேட்டேன். சிஸ்டர் வாங்கி எழுதிக் காட்டுறாங்க, நல்லாத்தான் எழுதுது” என்கிறார் கணவர்.

வால்வைச் சரிசெய்து பார்க்கலாம் என்று உள்ளே போனவர்கள், அது ஏற்கெனவே தடித்து, சுருங்கி இருப்பதைப் பார்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒரு பழைய கதையும் வெளியே வந்தது. அக்காவுக்கு 9 வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் முழங்கால் இரண்டும் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் கிடந்திருக்கிறார். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். கால் சரியாகிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்பது அது. தொண்டையில் வரும் ஒருவகை பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, தன் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் சேர்த்தே தாக்கிவிடும். மூட்டு ஆறிவிடும். வால்வில் விழுந்த வடு பல வருஷம் சத்தமில்லாமல் வளரும். அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட்டு, மேலும் சேதமாகாமல் பார்த்திருப்பார்கள்.

அக்காவின் அம்மாவுக்கு இப்போது 70 வயது. ‘நான்தானே கவனிக்காம விட்டேன்’ என்று அவர் அழுததுதான், தன் வலியைவிடத் தாங்க முடியாமல் இருந்தது என்கிறார் அக்கா. 34 வருஷத்துக்கு முன்னால், பஸ்ஸே சரியாக வராத ஊரில், முழங்கால் வீக்கத்துக்கு இதய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

சுவரில் ஊர்ந்த அளவு டேப்

ஐ.சி.யு.வில் நான்கு நாள். அங்கே நடந்த ஒன்றை அக்கா இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரில் மஞ்சள் அளவு டேப் ஒன்று பாம்பு மாதிரி ஊர்ந்து போனதைப் பார்த்திருக்கிறார். நர்ஸ்கள் தன்னுடைய கஸ்டமர் துணிகளை வெட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். ‘மூளை கலங்கிருச்சோன்னு பயம். வெளிய சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்கன்னு வாயே திறக்கலை.’

பிறகு செக்கப்பின்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் பேச்சுவாக்கில் சொல்ல, அந்தப் பெண் சாதாரணமாக, ‘அதுக்கு டெலிரியம்னு பேரு அக்கா. பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, தூக்கமில்லாத ஐ.சி.யு... நிறைய பேருக்கு வரும், போயிடும்’ என்றாராம். ஆபரேஷனுக்கு முன்பே யாராவது வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். இரண்டு மாதப் பயம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது சத்தம். உலோகம், கார்பன் போன்றவற்றால் செய்த மெக்கானிக்கல் வால்வு மூடும்போதெல்லாம் மெல்லிய ‘டிக்’ வரும். பகலில் தெருச் சத்தத்தில் தெரியாது. ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா அதை எண்ணிக்கொண்டே விழித்திருப்பார். அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க கணவர் விழித்திருப்பார். பக்கத்து அறையில் மகள் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விழித்திருப்பாள்.

மகள் செய்ததுதான் கொஞ்சம் உதவியது. போனில் தேடித் தேடி வால்வுகளின் கதையையே எடுத்துவிட்டாள். 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினீயரும் சேர்ந்து, கூண்டுக்குள் ஒரு பந்து ஏறி இறங்கும் வால்வை மனிதருக்குப் பொருத்தியது. இறக்குமதி வால்வு வாங்க முடியாத இந்திய நோயாளிகளுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் வலியத்தானின் குழு பல வருஷம் போராடி, பல மாடல்கள் தோற்ற பிறகு, 1990 டிசம்பரில் முதல் சித்ரா வால்வை ஒரு நோயாளிக்கு வைத்தது... எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். சித்ரா வால்வில் துணி வளையம் ஒன்று இருக்கும், அதில்தான் தையல் போட்டு இதயத்தோடு சேர்ப்பார்கள் என்று படித்தபோதுதான் அக்கா முதன்முதலாகச் சிரித்தார். ‘தைக்கிறவளுக்கே தையல் போட்டுட்டாங்க!’ தனக்கு வைத்த வால்விலும் அப்படி ஒரு துணி வளையம் உண்டா என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். உண்டு.

மூன்று மாதம், ஒரு தலையணை

நெஞ்செலும்பை நடுவில் பிளந்துதான் இந்த ஆபரேஷன். பிறகு கம்பி போட்டுக் கட்டுவார்கள். அந்த எலும்பு கூடிவர ஆறிலிருந்து எட்டு வாரம், முழு பலம் வர ஏறக்குறைய மூன்று மாதம். அதுவரை ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது, கிரைண்டர் கல்லைக் கழற்றக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, டூவீலர் ஓட்டக் கூடாது. இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். படுக்கையிலிருந்து எழுவது என்றால் முதலில் ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, அப்புறம் உடம்பு. பாயில் படுத்துப் பழகியவருக்காகக் கணவர் எங்கிருந்தோ ஒரு கட்டில் கொண்டுவந்து போட்டார்.

தினமும் காலையில் வெயிட் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு, மூன்று நாளில் சட்டென்று 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும். இதற்குப் பழைய பேப்பர் கடைக்காரரின் தராசில் ஏறி நிற்க முடியாது என்பதால், டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கினார்கள். நடை முதல் நாள் வாசலோடு முடிந்தது. இரண்டாவது வாரம் தெருமுனை. ஒரு மாதத்தில் மாரியம்மன் கோயில் வரை.

இதையெல்லாம் செய்துவிடலாம். சும்மா இருப்பதுதான் கஷ்டம். டம்ளர் எடுத்தால்கூட கணவர் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். “ஒருநாள் கத்திட்டேன். ‘நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போறேன், விடுங்க’ன்னு. அந்த மனுஷன் ஒண்ணும் சொல்லாம வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.”

அவர் போனது மார்க்கெட்டுக்கு இல்லை. பைபாஸ் ஓரத்தில் வண்டியை நிறுத்தி அழுதிருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் எப்போதோ ஒட்டியிருந்த நோட்டீஸில் பார்த்த 14416 ஞாபகம் வந்து போன் போட்டிருக்கிறார். அரசாங்கத்தின் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை எண் அது, தமிழிலும் பேசலாம். ஆபரேஷன் நடந்தது மனைவிக்கு; ஆனால் அந்த விடியற்காலையிலிருந்து ஒருநாள்கூட முழுதாகத் தூங்காத தன்னைப் பற்றியும் பேசலாம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “‘நீங்க சாப்பிட்டீங்களா?’ன்னு கேட்டாங்க. அதுக்கே அழுகை வந்துருச்சு” என்கிறார்.

அன்று ராத்திரி அவர் ஒரு டீலுக்கு வந்தார். சமையலில் காய் நறுக்குவது, பருப்பு தாளிப்பது அக்காவின் வேலை. குக்கர் தூக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் அவர் வேலை. ‘டம்ளரை நான் தொடமாட்டேன்’ என்று சத்தியம் வேறு.

முருங்கைக்கீரையும் மாமியாரும்

மெக்கானிக்கல் வால்வு பல வருஷம் உழைக்கும். திசுவால் செய்த வால்வு பெரும்பாலும் 10 - 15 வருஷத்தில் தேய்ந்துவிடும் என்பதால்தான் வயது குறைந்தவர்களுக்கு மெக்கானிக்கல் வால்வைப் பரிந்துரைப்பார்கள். அதற்கான விலை, ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால். வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டி விழாமல் காப்பது அதுதான். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அதனால்தான் ஐ.என்.ஆர் என்கிற ரத்தப் பரிசோதனை. சாதாரணமாக 1-ஐ ஒட்டி இருக்கும் அந்த எண், அக்காவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மார்ச் மாதம் எடுத்தபோது 1.7. மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. பிறகு ஏன்? டாக்டர் சாப்பாட்டைக் கேட்டார். மாமியார் தினமும் ஒரு சொம்பு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘ரத்தம் ஊறட்டும் தாயி’ என்று. கீரையில் இருக்கும் வைட்டமின் கே, இந்த மாத்திரையின் வேலைக்கு நேர் எதிர் வேலை பார்க்கும்.

மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கீரையை அடியோடு விட வேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை மகள்தான் பாட்டிக்கு விளக்கினாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் கீரை, அதே கிண்ணம், அதே அளவு. அந்தக் கிண்ணத்துக்குப் பொறுப்பு பாட்டிதான்.

மாத்திரை ராத்திரி 8 மணிக்கு. மறந்துபோய் அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. தலைவலி, முட்டிவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் கூடாது. நாட்டு மருந்தோ, லேகியமோ, டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். பல் பிடுங்கவோ, பல் சுத்தம் செய்யவோ போனால் வால்வு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் ஆபத்து. வால்வின் விவரங்கள் உள்ள அட்டையை அக்கா பர்ஸில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

யாருக்கும் சொல்லாத நான்கு நாள்

மே மாதம் நடந்ததுதான் அக்கா பேசத் தயங்கும் விஷயம். மாதவிலக்கு 11 நாள் நிற்கவில்லை. ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாகும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் அந்த ஆண் டாக்டரிடம் கேட்கவில்லை. தலை சுற்றியது. ஏற்கெனவே நெஞ்சைப் பிளந்தாயிற்று, இதையும் போய்ச் சொல்லி மறுபடி அட்மிட் ஆக வேண்டுமா? காப்பீட்டு அட்டையை வைத்து ஆபரேஷன் முடிந்தாலும், முதல் நாள் அவசரத்துக்கு வாங்கிய கைமாத்து, அடகில் இருக்கும் கம்மல், கட்டாத சீட்டு என்று தலைக்குள் ஓடியது. மாத்திரையை நிறுத்திவிட்டார். ராத்திரி 8 மணிக்கு எடுத்து, வாயில் போடுவதுபோலப் போட்டு, ஜன்னல் வழியாக எறிந்தார். நான்கு நாள்.

ஐந்தாவது நாள் வழக்கமான டெஸ்ட். ஐ.என்.ஆர் 1.3. அன்றைக்கு டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க, அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லை. வால்வில் கட்டி விழுந்தால் அது அங்கேயே சிக்கி வால்வை ஆடவிடாமல் செய்யலாம், இல்லையென்றால் பெயர்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் கொண்டுவரலாம் என்று மட்டும் சொன்னார். உடனே எக்கோ. கட்டி இல்லை. எண் ஏறும் வரை சில நாள் வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் வகை ஊசி. கையோடு மகப்பேறு டாக்டரிடம் அனுப்பி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்றுக்கு ஏற்பாடானது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. அடுத்தடுத்த மாதங்களில் உதிரப்போக்கு அடங்கியது.

அந்த டாக்டர் கூடவே இரண்டு கேள்விகளும் கேட்டார். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றுகிறதா? இரண்டுக்கும் ‘ஆமா’ என்று சொல்லி அக்கா அழுததில், வெளியே இருந்த கணவர் கதவைத் தட்டிவிட்டார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது ரொம்பவே சகஜம். அக்காவை கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில, இந்த ரத்த மாத்திரையோடு சேர்ந்தால் கசிவைக் கூட்டலாம் என்பதால், முதலில் பேச்சு, தேவைப்பட்டால் மட்டுமே மருந்து என்று முடிவானது. ஆறு முறை போய் வந்தார். மருந்து தேவைப்படவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் ப்ளஸ் டூ ரிசல்ட்டும் வந்தது. மகள் பாஸ். நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றாள். அம்மாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. ‘ராத்திரியெல்லாம் முழிச்சுக்கெடந்தது போதாதா?’

ஊக்கு உறுத்தாத பிளவுஸ்

ஜூன் கடைசியில் டாக்டர் சம்மதத்தோடு மெஷினில் உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு தலையணை உறை, அவ்வளவுதான். மோட்டார் மெஷின் என்பதால் நெஞ்சுக்குச் சிரமம் குறைவு. அயர்ன் பாக்ஸும் துணி மூட்டையும் கணவர் வேலை. கத்தரிக்கோல்தான் பயம். விரலில் பட்டால், சுத்தத் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஒருமுறை பட்டது, ஏழாவது நிமிடத்தில் நின்றது.

ஊருக்கெல்லாம் டீப் நெக் வெட்டிக் கொடுத்தவர், முதலில் தைத்தது தனக்காக ஒரு ஹை நெக். கழுத்துக்குக் கீழே நீளமாக இறங்கும் தழும்பை மறைக்கத்தான். ஆனால், பிரச்னை கழுத்தில் இல்லை. பிளவுஸின் ஊக்குகள் வரிசையாகச் சரியாக அந்தத் தழும்பின் மேல்தான் உட்கார்ந்து உறுத்தின. பின்பக்கம் ஊக்கு வைத்தால் கையைப் பின்னால் மடக்க வேண்டும், நெஞ்சு இழுக்கும். சைடு ஜிப் வைத்துப் பார்த்தார், கை நுழைக்கச் சிரமம். கடைசியில் முன்பக்க ஊக்கையே வைத்து, உள்ளே மூன்று விரல் அகலத்துக்கு மெல்லிய மல் துணியில் இரட்டைப் பட்டி கொடுத்து, ஓரத்தைத் தையல் தெரியாமல் மடித்து முடித்தார். உறுத்தவில்லை.

ஐ.என்.ஆர் எடுக்க மாதாமாதம் போகும் இடத்தில், பைபாஸ் செய்துகொண்ட பழநிக்கார அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பை நெஞ்சில் படாமல் ஒதுக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தவரிடம், ‘ஊக்கு குத்துதாம்மா?’ என்று அக்காதான் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் அளவு பிளவுஸோடு வந்தார் அந்த அம்மா. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர்.

இந்தத் தீபாவளிக்கு மொத்தம் 40 பிளவுஸ்தான் என்று கடை வாசலில் அட்டை தொங்குகிறது. போன தீபாவளிக்கு 130. ராத்திரி 8 மணிக்கு மெஷின் ஆஃப். அந்த நாற்பதில் ஏழு, உள்பட்டி வைத்தவை. அதற்குத் தனியாகக் கூலி கேட்கலாமா, கூடாதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மல் துணி விலை ஏறிவிட்டது, கேட்கத்தான் வேண்டும் என்கிறார் மாமியார்.